தப்பும் இசைத்தட்டும்



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும், குருநாகலிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதியும் ஒன்றையொன்று தொடுமிடத்தில் இருப்பது தம்புள்ளை. அந்நகரின் குகைக் கோயிலை அறியாதார் இலர். அங்குள்ள மொத்த மரக்கறிச் சந்தையையும் நீங்கள் அறிவீர்கள். நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் லொறிகள் அங்கே வந்து கூடுகின்றன. சிங்களமும் தமிழும் அச்சந்தையில் அருகருகே பேசப்படுகின்றன. சாரதிகள் தத்தம் பாட்டுகளை ஒலிக்கவிட்டுக்கொண்டு இரவோடு இரவாகப் புறப்பட்டுப் போகின்றனர்.

இந்த வீதிக்குப் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்கெனத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடும் மேடும் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே சென்றனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். உயிர் தப்பி மலையேறியவர்கள் தம்மோடு கொண்டு சென்ற உடைமைகள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று தப்பு. தோல் போர்த்திய அந்த வட்டப்பறை பின்னர் மலையகத்தின் குரலாகவே ஆகிவிட்டது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பு. காமன் கூத்தில் ஒலித்தது தப்பு. சாவு வீட்டிலும் ஒலித்தது அதே தப்புத்தான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. பங்க் ரொக் எனப்படும் மேனாட்டுக் கலக இசையைப் பற்றியும், அவ்வழியில் வந்தவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு புதிய இசைத்தட்டை எவ்வாறு உருவாக்குகின்றனர் என்பதைப் பற்றியும் பேச வந்துள்ளேன். தம்புள்ளை வீதியில் வந்த தப்புக்கும் லண்டன் மாநகரின் மின்சாரக் கித்தாருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு இருக்கின்றது. அந்த உறவினுள்ளே நமக்கு ஒரு கடமையும் இருக்கின்றது.

முதலில், பங்க் ரொக் என்றால் என்ன? 1970களின் நடுப்பகுதியில் மேனாட்டு ரொக் இசை பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளையைப் போல் வளர்ந்து நின்றது. ஓர் இசைத்தட்டைப் பதிவுசெய்ய மாதக்கணக்கிற் காலமும் மலைபோற் பணமும் வேண்டியிருந்தன. நீண்ட பாட்டுகளும், அவற்றினும் நீண்ட தனி வாசிப்புகளும் கேட்போரைக் களைப்படையச் செய்தன. அந்த நிலையிலேதான் நியூ யோர்க்கிலும் லண்டனிலும் இருந்த சில இளைஞர்கள், மூன்று சுரக்கோவைகள் தெரிந்தாற் போதும், சொல்ல ஒரு செய்தி இருந்தாற் போதும், பாடத் தொடங்கலாம் என்று எழுந்தனர். கந்தல் உடையும் கத்தற் பாட்டும் கண்டு பெரியோர் முகஞ்சுளித்தனர். ஆயினும் அக்கூச்சலின் உள்ளே வேலையில்லாத் திண்டாட்டமும், வறுமையும், கேட்பாரற்ற வாழ்க்கையும் பேசின.

ரமோன்ஸ் என்ற நியூ யோர்க் குழுவினர் 1976ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், ஏறத்தாழ ஒரு வார காலத்தில், 6,400 டொலர் செலவில் தங்கள் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்து முடித்தனர். பாட்டுகள் 14. அத்தனையும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கும் உட்பட்டவை. அதே ஆண்டு முடிவில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் என்ற குழுவினர், உற்றார் உறவினரிடம் 500 பவுண் கடன் வாங்கி, நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தனர். 1977ஆம் ஆண்டு ஜனவரியில் எந்தப் பெரிய நிறுவனத்தின் தயவுமின்றித் தாமே அதனை வெளியிட்டனர். அவ்விசைத்தட்டின் உறையிலே ஒரு புதுமை இருந்தது. இந்தப் பாட்டு எத்தனையாவது தடவை வாசித்தபோது பதியப்பட்டது, பின்னர் இதன்மேல் எந்த வாத்தியம் சேர்க்கப்பட்டது என்ற விவரத்தையெல்லாம் அதில் அச்சிட்டிருந்தனர். ‘நாங்கள் செய்ததில் மந்திரமில்லை, நீங்களும் செய்யலாம்’ என்று கேட்போருக்குச் சொல்லாமற் சொன்ன உறை அது.

நேயர்களுட் பலர் ஒலிப்பதிவுக் கூடத்தினுள் சென்றிருக்க மாட்டீர்கள். அங்கே நிகழ்வதைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். மேடையிற் பாடும்போது எல்லா ஒலியும் ஒரே காற்றிற் கலந்து நம் செவிக்கு வருகின்றது. கூடத்திலோ ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்து, தனித்தனித் தடத்தில் பதிகின்றனர். 1970களில் பெரிய கூடங்களின் காந்த நாடாவில் 24 தடங்கள் இருந்தன. இன்றைய கணினியிலோ தடங்களுக்குக் கணக்கே இல்லை. முதலில் முழவு, பின்னர் கித்தார், அதன்பின் குரல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பிழைபட்ட இடத்தை மட்டும் மீண்டும் வாசித்து ஒட்டலாம். தாளம் மயிரிழை பிசகினால் நேராக்கலாம். சுருதி தாழ்ந்தால் தூக்கிவிடலாம்.

இது பெரும் வசதி. ஆயினும் வசதியுள்ள இடத்தில் ஆபத்தும் உண்டு. ஐந்து பேர் ஒரே அறையில் நின்று வாசிக்கும்போது ஒருவர் மூச்சை மற்றவர் கேட்கின்றார். ஒருவர் விரைந்தால் மற்றவரும் விரைகின்றார். அந்த விரைவும் தளர்வுமே பாட்டின் உயிர். பிழைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனால், இறுதியில் பிழையும் இராது, பாடியவரும் இரார். நம் மொழியிலே தப்பு என்ற சொல் பறைக்கும் பெயர், பிழைக்கும் பெயர். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போகின்றவர் இவ்விரண்டையும் துடைத்துவிடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பங்க் குழுக்களும் வளர்ந்தன. வளர்ந்தபோது, பழைய கூச்சலையே திரும்பத் திரும்பப் பதிவதா, புதியதைக் கற்பதா என்ற கேள்வி அவர்கள் முன் நின்றது. இதற்குச் சிறந்த விடை தந்தவர்கள் லண்டனின் கிளாஷ் குழுவினர். ஜோ ஸ்ட்ரமர், மிக் ஜோன்ஸ், போல் சிமனன், ரொப்பர் ஹெடன் என்ற நால்வரும் 1979ஆம் ஆண்டில் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் தங்கள் மூன்றாவது இசைத்தட்டைப் பதிந்தனர். ‘லண்டன் கோலிங்’ என்பது அதன் பெயர். லண்டன் நகரில் குடியேறிய ஜமேக்கா மக்களின் ரெகே இசையும், அமெரிக்காவின் பழைய ரொக் இசையும் அதிற் பங்க் இசையோடு கலந்தன. இரண்டு தட்டுகளை ஒரு தட்டின் விலைக்கே விற்க வேண்டுமென்று குழுவினர் நிறுவனத்தோடு வாதாடி வென்றனர். உறை அச்சுக்குச் சென்ற பின்னர் ஒரு பாட்டுச் சேர்க்கப்பட்டமையால், 19ஆவதான அப்பாட்டின் பெயர் முதற் பதிப்பின் உறையிலேயே இல்லை.

இதே குழுவினர் 1982ஆம் ஆண்டில் ‘ஸ்ட்ரெயிற் ரு ஹெல்’ என்ற பாட்டை வெளியிட்டனர். ஏற்றுக்கொள்ளப்படாத மனிதரைப் பற்றிய பாட்டு அது. இங்கிலாந்தில் வந்தேறிகளென ஒதுக்கப்பட்டோரும், வியற்நாமில் அமெரிக்கப் போர்வீரருக்குப் பிறந்து தந்தையராற் கைவிடப்பட்ட பிள்ளைகளும் அப்பாட்டிலே வருகின்றனர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் இப்பாட்டை ஒரு தமிழ்ப்பெண் கையில் எடுத்துக்கொண்டார்.

மாதங்கி அருட்பிரகாசம் என்பது அவரது பெயர். மாயா என்றும் அழைப்பர். உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. 1975ஆம் ஆண்டில் லண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர்ச்சூழலில் வளர்ந்து, 1986ஆம் ஆண்டளவில் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர். தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகள் கலைக்கல்லூரியிற் பயின்றார். பங்க் இசையின் வழியில் வந்த இலாஸ்ரிக்கா என்ற குழுவின் தலைவி ஜஸ்ரீன் பிரிஷ்மன் இவருக்குத் தோழியானார். அக்குழுவின் 2000ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கு உறைச் சித்திரம் அமைத்தவர் மாதங்கி. குழுவின் பயணத்தைப் படம் பிடிக்கச் சென்ற இடத்தில், ரோலண்ட் எம்.சி.505 என்ற சிறு தாள இயந்திரம் அவருக்கு அறிமுகமாயிற்று. இசையிலக்கணம் முறையாகப் பயிலாத அவர், அவ்வியந்திரத்தைக் கொண்டு படுக்கையறையிலிருந்தே பாட்டுக் கட்டத் தொடங்கினார். அனுமதிக்குக் காத்திராமல் தொடங்கிவிடுக என்ற பங்க் பாடம் இங்கே ஈழத்து அகதிப் பெண் ஒருவரின் கைக்கு வந்தது. தந்தையாரின் புனைபெயரைத் தாங்கிய ‘அருளர்’ என்ற முதல் இசைத்தட்டு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அடுத்த இசைத்தட்டு அமெரிக்காவில், பெரிய தயாரிப்பாளர் ஒருவரோடு உருவாக வேண்டியது. 2006ஆம் ஆண்டில் அவருக்கு அமெரிக்கப் பிரவேச அனுமதி கிடைக்கவில்லை. கதவு சாத்தப்பட்டபோது அவர் வேறு வழிகளிற் புறப்பட்டார். இந்தியா, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று நாடு நாடாகச் சென்று, ஆங்காங்கு கேட்டவற்றைப் பதிவு செய்தார். அவுஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வில்கானியா என்ற சிற்றூரின் பழங்குடிச் சிறுவர்கள் பாடிய பாட்டொன்றும் அத்தட்டில் இடம்பெற்றது.

சென்னையிலே ஏ. ஆர். ரகுமானின் கோடம்பாக்கம் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே உறுமிக் கலைஞரின் வாசிப்பு பதிவாயிற்று. உறுமியின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். ஒரு முகத்தைக் கோலால் அடிக்க, மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, விலங்கு உறுமுவது போன்ற ஓசை எழும். கோயிற்கொடையிலும் தெருவிலும் ஆட்டத்திலும் ஒலிக்கும் வாத்தியம். சபாக்களின் மேடையில் அதற்கு ஆசனம் கிடைத்ததில்லை. ஒலிப்பதிவு செய்வோருக்கும் அது எளிய வாத்தியமன்று. அதன் முழக்கம் அடுத்த ஒலிவாங்கிக்குள் புகுந்துவிடும். அளவான தாளத்துக்குள் அதை அடைத்து வைப்பதும் கடினம். இந்த இசைத்தட்டிலோ உறுமி பின்னணிக்கு ஒதுக்கப்படவில்லை. பாட்டை நடத்திச் செல்வதே அதுவாயிற்று. ‘பேர்ட் புளூ’, ‘போய்ஸ்’ ஆகிய பாட்டுகளைக் கேட்போர் இதனை உணர்வர்.

2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இசைத்தட்டு வெளிவந்தது. தாயாரின் பெயரால் ‘கலா’ எனப் பெயரிட்டார். அதன் முதற் பாட்டிலே, பங்க் இசைக்கு முன்னோடியான அமெரிக்கர் ஜொனதன் றிச்மனின் பாட்டுச் சொற்களும், இளையராஜா ‘தளபதி’ படத்துக்கு அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் ஒலியும் ஒன்றாய் வருகின்றன. இன்னொரு பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’. கிளாஷ் குழுவின் ‘ஸ்ட்ரெயிற் ரு ஹெல்’ பாட்டின் வாத்தியத் தொடக்கத்தை அடித்தளமாக வைத்து, அதன்மேல் பிரவேச அனுமதிக்காக அலைவோரின் கதையைப் பரிகாசமாகப் பாடினார். குடியேறிகள் பணம் பறிக்க வந்தவர்கள் என்று எண்ணுவோரைக் கேலி செய்வதற்காக, பல்லவியிலே துப்பாக்கி ஓசையையும் காசுப்பெட்டி ஓசையையும் சேர்த்தார். எம்.டி.வி. தொலைக்காட்சி அத்துப்பாக்கி ஓசையை மாற்றி ஒலிபரப்பியது. ஆயினும் 2008ஆம் ஆண்டில் அப்பாட்டு அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. நுழைய விடாத நாட்டுக்குள் பாட்டு நுழைந்துவிட்டது.

மாதங்கி தனிப் பாடகி, பங்க் குழுவினர் அல்லர் என்று இசை வல்லுநர் சிலர் சொல்லக்கூடும். அது சரியே. ஆயினும் குலமுறை என்பது இசையிலே பெயர்ப்பலகையைக் கொண்டு வருவதில்லை. கையில் உள்ளதைக் கொண்டு தொடங்குதல், தெருவின் ஓசையை மறைக்காது வைத்தல், சொல்ல வேண்டியதைச் சொல்லுதல் என்ற மூன்று குணங்களால் வருவது அது.

இதனினும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உலகெங்கும் சென்று ஏழைகளின் ஓசையைச் சேகரித்து விற்பது நியாயமா என்பதே அது. இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கலாகாது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் ஆக்கியோர் வரிசையில் கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயரும் இருக்கின்றது. அவர்களின் இசை பயன்பட்டமையால் அது முறை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஊரில் ஒலித்துவரும் ஓர் அடிக்கு ஆக்கியோன் யார்? பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் இயற்றிய இசையை அறியும். ஊரார் எல்லோரும் சேர்ந்து காத்த தாளத்தை அவ்வளவு எளிதில் அறியாது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காறுகளுக்கும் ஆற்றுவோருக்கும் சில உரிமைகளை வகுத்துள்ளது. வாசிப்பவரின் சம்மதமின்றி அவரது நேரடி வாசிப்பைப் பதிவு செய்தல் ஆகாது. இதனைத் தப்புக் கலைஞர் அறிந்திருத்தல் வேண்டும். ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போகின்றவர் அதனினும் நன்றாக அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, தம்புள்ளை வீதியில் வந்த நம் தப்பைப் பற்றிப் பேசுவோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத் திருவிழாவுக்குப் பஞ்சரதங்கள் பவனி வருகின்றன. மலையக மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று தொகுத்து நூலாகத் தந்தார். ஏட்டிலே பாட்டின் சொல் வரும். அடியின் ஓசை வராது. தப்பின் அடிகள் அதை அடிக்கும் கைகளிலேதான் இருக்கின்றன. அக்கைகள் ஓயுமுன்னர் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும்.

இங்கே ஒரு நுண்ணிய சிக்கல் இருக்கின்றது. தப்பு அடித்தல் நெடுங்காலம் ஒரு சாதியின்மீது சுமத்தப்பட்ட இழிவாக இருந்தது. ‘இனி நாங்கள் அடிக்கமாட்டோம்’ என்று பறையைக் கீழே வைத்துவிட்ட இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஏவியபோது அடிக்க மறுப்பது தன்மானம். அதே பறையைத் தாமாக எடுத்து, தம் பெயரைச் சொல்லி, தாம் விரும்பிய பாட்டுக்கு அடிப்பதும் தன்மானமே. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ற்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு இதற்குச் சான்று. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் தென்மாவின் நெறியாள்கையாலும் உருவான அக்குழு, அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. கானாவும் பறையும் மின்சாரக் கித்தாரும் அங்கே சமமாக நின்றன. மறைத்த பெயரை மேடையில் உரக்கச் சொல்லிப் பாடினர்.

ஈழத்துக்கும் இத்தகைய துணிவு புதியதன்று. நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழையே கித்தாரில் ஏற்றி ‘சின்ன மாமியே’ பாடினார். ஏ. ஈ. மனோகரன் பைலாத் தாளத்திற் பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்தும் ஒலித்தது. பொப்பிசையில் நாம் காட்டிய துணிவைத் தப்புக்கும் காட்டலாம்.

அவ்வாறாயின் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், நான்கு இளைஞர் ஒரு கித்தாரையும் இரண்டு தப்புகளையும் வைத்துக்கொண்டு ஓர் இசைத்தட்டை உருவாக்க விரும்பினால், அவர்களுக்கு என்ன சொல்வோம்? பெரிய கூடம் கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டுவதில்லை. இன்று ஒரு மடிக்கணினியும் இரண்டு நல்ல ஒலிவாங்கிகளும் இருந்தால் வாசகசாலை மண்டபமே கூடமாகும். தப்பைத் தீயிற் காய்ச்சிச் சுருதி ஏற்றிய உடனேயே பதிவு தொடங்கட்டும். தோல் குளிர்ந்தால் நாதமும் தாழும். எல்லோரும் ஒன்றாக நின்று முழுப்பாட்டையும் வாசியுங்கள். ஒலிவாங்கியைத் தப்புக்கு மிக அருகே வையாமற் சற்று விலக்கி வையுங்கள். அடியோடு அறையின் எதிரொலியும் சேரட்டும். மூன்று முறை வாசித்து, உயிருள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பிழையற்றதைத் தேடி முப்பது முறை வாசித்துக் களைத்துப் போகவேண்டாம். அதன்பின், மான்செஸ்டர் இளைஞர் செய்தவாறு, உறையிலே யாவற்றையும் எழுதுங்கள். தப்பு அடித்தவர் பெயர், அவருக்குக் கற்றுக்கொடுத்த பாட்டனார் பெயர், அடியின் பெயர், தோட்டத்தின் பெயர் யாவும் அதில் இடம்பெறட்டும். வரும் பணத்தை எவ்வாறு பகிர்வது என்பதைப் பதிவுக்கு முன்னரே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நட்புக் கெடாமலிருக்க அதுவே வழி.

மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்தவர்களின் பெயர்களை அக்காலத்தில் எவரும் முறையாக எழுதி வைக்கவில்லை. வழியோரத்தில் மாண்டவர்கள் பெயரின்றியே மாண்டனர். அவர்கள் சுமந்து வந்த பறை மட்டும் இன்னும் பேசுகின்றது. அப்பறையின் ஓசை நாளை ஓர் இசைத்தட்டிலே ஏறும்போது, அடித்தவரின் பெயரும் அதனோடு ஏறட்டும்.